ஒரே பந்தியில் அமர்வோம்: கல்லூரி, பல்கலைக்கழக நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நூலகப் பணி ஆற்றிவரும் சகோதர சகோதரிகளுக்கும், அவர்களுக்காக ஆண்டுதோறும் மகாநாடுகளும் கருத்தரங்குகளும் கூட்டுகின்ற அமைப்பாளர்களுக்கும்,



மாவட்டத் தலைநகர் ஒன்றிலுள்ள அரசு உதவி பெறும் கல்லூரியின் நூலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் உத்தியோகம் பார்த்து, சாவிக்கொத்தையும் சேர்க்கைப் பதிவேடுகளையும் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பிய பின்னரும், உங்கள் மகாநாட்டு அழைப்பிதழ்கள் ஏதேனும் ஒரு வழியாக என் கைக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. வருகின்ற ஒவ்வொன்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கின்ற பழக்கமும் என்னை விட்டு நீங்கவில்லை. அவ்வழைப்பிதழ்களில் குத்துவிளக்கு ஏற்றுபவர் யார், வரவேற்புரை ஆற்றுபவர் யார், எந்த அமர்வில் எந்தக் கட்டுரை எத்தனை மணிக்குப் படிக்கப்படும் என்பனவெல்லாம் நிமிஷக் கணக்காக அச்சிடப்பட்டிருக்க, மனிதரும் மனிதரும் சந்தித்துப் பேசுவதற்குரிய பொழுதுகள் மட்டும் ‘தேநீர்’, ‘மதிய உணவு’, ‘கலை நிகழ்ச்சி’ என்று ஒற்றைச் சொற்களாகச் சுருங்கிக் கிடப்பதைக் காண்கிறேன். அந்த ஒற்றைச் சொற்களுக்காகப் பரிந்து பேசுவதே இம்மடலின் நோக்கம்.

மற்றைத் தொழில்களுக்கு இல்லாத ஒரு தனிமை நம்முடைய தொழிலுக்கு உண்டு என்பதை நீங்கள் ஒவ்வொருவரும் அனுபவத்தால் அறிவீர்கள். ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியர் எட்டுப் பேர் இருப்பர்; வணிகவியலில் பத்துப் பேர் இருப்பர்; தங்கள் பாடத்தில் ஐயம் தோன்றினால் அடுத்த மேஜையில் கேட்டுக்கொள்வர், மனத்தாங்கல் ஏற்பட்டால் ஒருவரோடொருவர் ஆற்றிக்கொள்வர். நூலகர் ஒருவரே. பகுப்பெண் இடுவதில் குழப்பம் வந்தாலும், பருவ இதழ்ச் சந்தா பாதியில் நின்றுபோனாலும், இருப்புச் சரிபார்ப்பில் காணாமற்போன நூறு புத்தகங்களுக்கு யார் பொறுப்பு என்று கணக்குத் தணிக்கையாளர் கேட்டாலும், அதன் பொருளை முழுமையாக உணரக்கூடிய இன்னொரு மனிதர் அந்த வளாகத்தின் மதிலுக்குள் இல்லை. ஆண்டில் முந்நூற்று அறுபது நாள் இவ்வாறு ஒற்றைக் குடியாக வாழ்கின்ற ஒருவர், தம் பாஷையைப் பேசும் மக்களோடு கூடியிருக்கப் பெறுவது மகாநாடு நடக்கும் இரண்டு மூன்று நாட்களில்தான். அந்த நாட்களிலும் அவரை வரிசை வரிசையாக நாற்காலியில் உட்காரவைத்து, மேடையை நோக்கி முகத்தையும் அண்டை அயலாரை நோக்கி முதுகையும் திருப்பச் செய்து, மூன்றாம் நாள் சான்றிதழோடு பஸ் ஏற்றி அனுப்பிவிடுவோமாயின், அவருடைய தனிமைக்கு நாம் என்ன பரிகாரம் செய்தவர்களாவோம்?

என் முதல் மகாநாட்டை நினைத்துப் பார்க்கிறேன். பணியில் சேர்ந்து எட்டு மாதமே ஆகியிருந்தது. காலை அமர்வுகளில் சொல்லப்பட்டவை அனைத்தையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அவற்றில் இன்று ஒரு வாக்கியமாவது ஞாபகத்தில் இல்லை. மதியம் உணவுக்கூடத்தில் கையில் தட்டை ஏந்திக்கொண்டு ஒரு தூணின் ஓரமாக நின்றேன். பழகியவர்கள் பழகியவர்களோடு வட்டம் கூடி நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தனர். அந்த வட்டங்களுள் எதிலும் நுழையும் துணிவு எனக்கு இல்லாதிருந்தபோது, தென்மாவட்டக் கல்லூரி ஒன்றின் மூத்த நூலகர், தாம் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே என்னைப் பார்த்து, “என்னம்மா, தனியா நின்னு சாப்பிடுற? இங்கே வா, பக்கத்துல இடம் இருக்கு” என்று அழைத்தார். என் ஊரைக் கேட்டார்; கல்லூரியைக் கேட்டார்; பிறகு, “உங்க லைப்ரரி எந்தத் தளத்தில இருக்கு? மழை ஒழுகுமா?” என்று கேட்டார். அவர் கேட்ட அந்த மூன்றாவது கேள்வியை என் கல்லூரியில் அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. அரைமணி நேரம் பேசியிருப்போம். எழுந்திருக்கும்போது தம் தொலைபேசி எண்ணை என் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அவரே எழுதிக் கொடுத்தார்.

ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஐப்பசி மாதத்து அடைமழையில், விடுமுறை நாளொன்றில், கூரை ஒழுகி இரண்டு அலமாரிப் புத்தகங்கள் நனைந்துவிட்டன. மறுநாள் காலை கதவைத் திறந்து அந்தக் காட்சியைக் கண்டபோது, அவற்றையெல்லாம் வெளியில் வெயிலில் பரப்பிவிட வேண்டும் என்பதே உதவியாளருக்கும் எனக்கும் முதலில் தோன்றிய யோசனை. கடைசிப் பக்கத்து எண் நினைவுக்கு வந்தது. அந்தப் பெரியவர், நான் சொல்லி முடிப்பதற்குள், “வெயில்ல மட்டும் போட்டுடாதே, அட்டையும் தாளும் முறுக்கிக்கும். வழவழப்பான தாள்ல அச்சடிச்ச படப் புத்தகங்களை முதல்ல எடு, அது காய்ஞ்சா பக்கமெல்லாம் ஒட்டிக்கும், அப்புறம் பிரிக்கவே முடியாது” என்று எச்சரித்தார். அச்சடிக்காத வெற்று நியூஸ்பிரிண்ட் தாளைப் பக்கங்களுக்கு இடையே செருகுவது, ஈரம் ஏறியதும் மாற்றுவது, தாங்கி நிற்கும் அளவுக்கு உலர்ந்த புத்தகங்களைச் சற்றே விரித்து நிறுத்தி மின்விசிறிக் காற்றில் ஆறவிடுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். நான்கு நாட்கள் இரவும் பகலுமாக உழைத்தோம். பெரும்பாலான நூல்கள் பிழைத்தன. புத்தகப் பாதுகாப்பைப் பற்றிய கட்டுரைகள் அந்த முதல் மகாநாட்டிலேயே படிக்கப்பட்டிருக்கக் கூடும். ஆயினும் ஆபத்து வந்த காலையில் என் கை தேடிச் சென்றது, பந்தியில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்ட ஒரு மனிதரின் குரலைத்தான்.

நூலகங்களுக்கிடையே நடைபெறும் ஒத்துழைப்பு முழுவதுமே இத்தகைய அறிமுகங்களின் மேல்தான் நிற்கிறது என்பது என் தீர்ந்த அபிப்பிராயம். 1988-இல் டெல்லியில் தொடங்கிய டெல்நெட்டும், பல்கலைக்கழக மானியக் குழு 1991-இல் தொடங்கிய இன்ஃப்லிப்நெட்டும், எந்த நூல் எந்த நூலகத்தில் இருக்கிறது என்பதைக் காட்டுகின்ற கூட்டுப் பட்டியல்களை நமக்குத் தந்திருக்கின்றன. அவற்றின் உபகாரம் அளவிடற்கரியது. ஆனால், நூல் இருக்கும் இடத்தை அறிவது ஒன்று. அது மாணவன் கைக்கு வந்து சேர்வது மற்றொன்று. ஓர் ஆராய்ச்சி மாணவிக்காகப் பழைய சஞ்சிகை ஒன்றின் தொகுதியைக் கேட்டு ஒரு நிறுவனத்துக்கு முறைப்படி எழுதிய கடிதத்துக்கு இரண்டு மாதம் பதில் வராமற்போக, அதே தொகுதியை வைத்திருந்த வேறொரு கல்லூரியின் நூலகர், முந்தைய ஆண்டு மகாநாட்டுச் சுற்றுலாவில் பஸ்ஸில் என் அருகில் உட்கார்ந்து வந்தவர் என்பது நினைவுக்கு வந்து, அவரிடம் ஒரு வார்த்தை சொன்ன மூன்றாம் நாளே வேண்டிய பக்கங்களின் நகல் வந்து சேர்ந்தது. விதிகள் இரண்டு இடத்திலும் ஒன்றே. கேட்பவள் யாரென்று அறிந்திருந்ததே அந்த இரண்டாம் இடத்தின் வேறுபாடு.

நம் தொழிலின் வரலாறும் இதையே பேசுகிறது. சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், வகுப்பறையின் கலகலப்பிலிருந்து புத்தகங்களின் நடுவே தனியாக வந்து உட்கார்ந்த அந்த வாழ்க்கையைத் தாங்கமாட்டாதவராய், பழைய ஆசிரியப் பணிக்கே திரும்பிவிட விரும்பினார் என்பது பிரசித்தமான செய்தி. அவ்வாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து சென்ற அவருக்கு, குரோய்டன் நகர நூலகரும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளி ஆசிரியருமான பெர்விக் சேயர்ஸ் வழிகாட்டியாக வாய்த்தார். பாடங்களோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்நாட்டின் நூலகங்கள் பலவற்றையும் நேரில் சென்று பார்க்குமாறும், அங்குள்ளவர்களோடு கலந்து பழகுமாறும் அமைந்த அந்தப் பயிற்சியே, விருப்பமில்லாமல் வேலைக்கு வந்த ஒருவரை வாழ்நாள் முழுவதும் அதைவிட்டு அகலாதவராக மாற்றியது. 1925-இல் தாயகம் திரும்பிய அவர், மூன்றே ஆண்டுகளில், 1928-இல், சென்னை நூலகச் சங்கம் தோன்றுவதற்குக் காரணமாக இருந்தார். அவர் வகுத்த நூலக இயலின் ஐந்து விதிகளை அந்தச் சங்கமே 1931-இல் நூலாக வெளியிட்டது. அதே ஆண்டு மன்னார்குடி வட்டாரத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் புத்தகங்கள் புறப்பட்டதும் அந்த இயக்கத்தின் காற்று வீசிய காலத்தில்தான். தனிமையில் வருந்திய ஒரு மனிதர் துணைவர்களைத் தேடிக்கொண்டார். அதன் பயனை நாம் அனைவரும் அனுபவித்து வருகிறோம்.

வெளிநாடுகளிலும் கதை இதுவே. 1876 அக்டோபரில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 103 பேர், அவர்களுள் 13 பேர் பெண்கள், மூன்று நாள் கூடிப் பேசி எழுந்தபோது அமெரிக்க நூலகச் சங்கம் பிறந்திருந்தது. மறு ஆண்டு லண்டனில் நடந்த சர்வதேச மகாநாட்டுக்கு அமெரிக்க நூலகர்கள் பலர் கூட்டாகக் கப்பலேறிச் சென்றனர். அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடக்கின்ற நாட்களில் அவர்களுக்கு மேடையும் இல்லை, மணியடித்து நிறுத்தும் தலைவரும் இல்லை. சம்பாஷணை ஒன்றே இருந்தது. பிரிட்டிஷ் நூலகச் சங்கம் அந்த லண்டன் கூட்டத்தில்தான் தோன்றியது. அச்சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடுவதற்காக 1927-இல் எடின்பரோவில் பல நாட்டு நூலகர்களும் கூடியிருந்தபோது, நூலகச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பாகிய இஃப்லா உருவாயிற்று. விழா கொண்டாட வந்தவர்கள் ஒரு ஸ்தாபனத்தையே நிறுவிவிட்டுத் திரும்பினார்கள் என்றால், கூடிக் களிக்கும் பொழுதை வீண்பொழுது என்று எவர் சொல்லத் துணிவார்?

கல்லூரி, ஆராய்ச்சி நூலகர்களுக்கென்றே அமெரிக்காவில் இயங்கிவரும் சங்கம், 1978-இல் பாஸ்டனில் தன் முதல் தேசிய மகாநாட்டைக் கூட்டியது. அங்கே வளர்ந்துவிட்ட வழக்கங்களுள் ஒன்று நம்முடைய கவனத்துக்கு உரியது. மகாநாடு நடக்கும் ஊரின் நூலகர்கள் சிலர் முன்வந்து, வெளியூரிலிருந்து வந்திருக்கும் முன்பின் அறியாத பிரதிநிதிகளைச் சிறு சிறு குழுக்களாக உள்ளூர் உணவகங்களுக்கு அழைத்துச் செல்வார்கள். ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்து உண்பார்கள். அவரவர் உணவுக்கு அவரவரே பணம் கொடுத்துக்கொள்வார்கள். சங்கத்துக்குச் செலவு ஒன்றும் இல்லை. ஊர் தெரியாத புதியவருக்கோ அன்றிரவு தங்கும் அறையில் தனியே உண்ண வேண்டிய அவசியம் இல்லை. இஃப்லாவின் மகாநாடுகளில் முதன்முறை வருபவர்களுக்கென்று தனிக்கூட்டம் ஒன்று நடைபெறும். அந்நாட்டின் கலைகளைக் காட்டும் மாலைப்பொழுது ஒன்று இருக்கும். ஊரிலுள்ள நூலகங்களைப் போய்ப் பார்ப்பதற்கென்றே நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும். 2011-இல் ஐரோப்பிய நூலகர் சிலர் கோபன்ஹேகனிலிருந்து பெர்லின் வரை சைக்கிளில் சென்றபடியே, வழியிலுள்ள நூலகங்களில் தங்கித் தங்கி ஒரு மகாநாட்டை நடத்தி முடித்தனர். மேட்டில் ஏறும்போது ஒருவருக்காக ஒருவர் நின்று காத்திருந்தவர்களிடையே உண்டாகும் சிநேகம் எளிதில் மறையக்கூடியதன்று.

ஆனால், பந்தியானது மனிதரைச் சேர்க்கும் வல்லமை உடையது என்பதாலேயே, அங்கே ஒருவரை விலக்கி வைப்பது மற்ற எவ்விடத்தில் விலக்குவதைக் காட்டிலும் கொடியது. 1936-இல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் ஆண்டு மகாநாட்டை வர்ஜீனியா மாகாணத்து ரிச்மண்டு நகரில் கூட்டியது. அந்நாட்டுத் தென்பகுதியில் நிறவேற்றுமைச் சட்டங்கள் அமலில் இருந்த காலம் அது. கறுப்பின நூலகர்கள் கூட்டங்களுக்கு வரலாம், ஆனால் அவர்களுக்கென ஒதுக்கிய பகுதியிலேயே உட்கார வேண்டும்; மற்றைப் பிரதிநிதிகள் தங்கும் ஓட்டல்களில் அவர்களுக்கு அறை கிடையாது; உணவோடு சேர்ந்து நடைபெறும் கூட்டங்களில் அவர்களுக்கு இடம் கிடையாது என்று ஏற்பாடாயிற்று. பிரசங்கத்தைக் கேட்கலாம், சேர்ந்து உண்ணலாகாது. அறிவில் பங்கு உண்டு, அன்பில் பங்கு இல்லை! இதைக் கண்டு அங்கத்தினர் பலர் கொதித்தெழுந்தனர். அதன் விளைவாக, தன் கூட்டங்களுக்கென ஒதுக்கப்படும் அறைகளிலெல்லாம் உறுப்பினர் அனைவரும் பூரண சமத்துவத்தோடு அனுமதிக்கப்பட வேண்டும் என்று அவ்வாண்டின் இறுதியிலேயே சங்கம் தீர்மானித்தது. அதன் பிறகு 1956 வரை இருபது ஆண்டுகள் தன் ஆண்டு மகாநாட்டை அந்தத் தென்பகுதியில் எங்கும் அது கூட்டவில்லை.

இந்தச் செய்தியை நான் முதன்முதலாகப் படித்தபோது, தூரதேசத்துக் கதையாக அதை ஒதுக்கிவிட இயலவில்லை. சமபந்தி போஜனம் என்ற சொல்லின் விலையை அறிந்த நாடு நம்முடையது. பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்ற கேள்விக்காக நம் முன்னோர் எத்தனை போராட்டங்களை நடத்த வேண்டியிருந்தது! அப்படியிருக்க, நம் மகாநாடுகளில் துணைவேந்தருக்கும் சிறப்பு விருந்தினருக்கும் திரைச்சீலை தொங்கும் தனியறையில் வெள்ளை விரிப்பின்மேல் விருந்தும், பிரதிநிதிகளுக்குப் பந்தலில் நீண்ட வரிசையும், காலை ஐந்து மணியிலிருந்து நாற்காலி சுமந்த நூலக உதவியாளருக்கும் ஒப்பந்தப் பணியாளருக்கும் எல்லோரும் உண்டபின் எஞ்சியதும் என்று மூன்று விதமாகப் பரிமாறுவதை நாம் எப்படிப் பொறுத்துக்கொண்டிருக்கிறோம்? அங்கே சட்டம் பிரித்தது. இங்கே பிரிப்பது வெறும் பழக்கம். சட்டத்தைத் திருத்தப் பல்லாண்டுகள் தேவைப்பட்டிருக்கலாம்; பழக்கத்தைத் திருத்த அடுத்த மகாநாட்டின் ஒரே ஒரு மதியப் பொழுது போதும். எல்லோருக்கும் ஒரே கூடத்தில் இலை போடுங்கள். தலைவாழை இலையின் முன் துணைவேந்தருக்குப் பக்கத்தில் புத்தகம் கட்டும் தொழிலாளி உட்காரட்டும். பேராசிரியப் பெருமகனார் எதிரே முதலாண்டுப் பணியிலிருக்கும் சிறுபெண் உட்காரட்டும். புத்தகங்களை எவருக்கும் பேதமின்றி வழங்குவதே தர்மம் என்று கொண்ட தொழிலினர், சோற்றையும் அவ்வாறு வழங்கக் கற்றுக்கொள்வது கடினமாக இராது.

இன்னொரு விலக்கம் உண்டு. அதைப் பற்றி ஒரு பெண்ணாக நான் எழுதியே ஆகவேண்டும். தசாம்ச வகைப்பாட்டை 1876-இல் உலகுக்கு அளித்த மெல்வில் டூயி, அமெரிக்க நூலகச் சங்கத்தை நிறுவியோருள் முக்கியமானவர். 1905-இல் போர்ட்லண்டில் நடந்த மகாநாடு முடிந்ததும், நூலகர்கள் அலாஸ்காவுக்கு உல்லாசப் பிரயாணம் சென்றார்கள். அந்தப் பிரயாணத்தில் உடன் வந்த பெண் நூலகர்களிடம் அவர் முறைகேடாக நடந்துகொண்டார் என்று புகார் எழுந்து, அடுத்த ஆண்டில் அவர் சங்கத்தின் காரியங்களிலிருந்து விலக நேர்ந்தது. ஆயினும் அச்சங்கத்தின் உயரிய பதக்கம் ஒன்று நெடுங்காலம் அவர் பெயரையே தாங்கி நின்றது. அந்தப் பெயரை நீக்குவதென்று முடிவு செய்ய 2019 வரை காலம் பிடித்தது. கட்டுரை படிக்கும் மண்டபத்தில் நேராமல், மகிழ்ச்சிக்கென ஏற்பட்ட பிரயாணத்தில் நேர்ந்தது அந்த அநீதி என்பதை நாம் மறக்கலாகாது. மேடையிலே கட்டுப்பாடு உண்டு. கேளிக்கையில் கட்டுப்பாடு தளர்கிறது. தளர்கின்ற இடத்தில்தான் பலவீனருக்குப் பாதுகாப்பு மிகுதியாக வேண்டும்.

ஆகவே, மாலை நிகழ்ச்சிகளையும் சுற்றுலாக்களையும் வகுக்கின்ற அன்பர்களே, உங்கள் கூட்டத்தில் சரிபாதியோ அதற்கு மேலோ பெண்கள் இருப்பதை நினைவிற்கொண்டு வகுப்பீர்களாக. இரவு பத்து மணிவரை நீளும் நிகழ்ச்சி, தங்கும் விடுதி நான்கு மைல் தூரத்தில் இருக்கும் பெண்ணுக்கு நிகழ்ச்சியே அன்று. அவள் ஏழு மணிக்கே எழுந்து போய்விடுவாள், பலமுறை நான் போயிருக்கிறேன். எட்டு மணிக்குள் முடியுங்கள். விடுதி வாசல்வரை வண்டி ஏற்பாடு செய்யுங்கள். கைக்குழந்தையோடு வந்த தாய்க்கு ஓர் அறையும், சக்கர நாற்காலியில் வருபவருக்கு உணவுக்கூடம்வரை சாய்தளமும் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பாருங்கள். பணியிடத்தில் பெண்களைப் பாதுகாப்பதற்காக 2013-இல் இயற்றப்பட்ட சட்டம், பணியின் நிமித்தம் செல்கின்ற இடங்களையும், வேலை கொடுப்பவர் ஏற்பாடு செய்யும் வாகனத்தையும்கூடப் பணியிடமாகவே கொள்கிறது. மகாநாட்டின் விருந்தும் சுற்றுலாவும் அதற்குப் புறம்பானவை என்று எவரும் எண்ணவேண்டாம். யாரிடம் முறையிடலாம் என்பதை, விருந்து எங்கே என்று அச்சிடுகின்ற அதே தாளில் அச்சிடுங்கள்.

கலை நிகழ்ச்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பணம் கொடுத்து அழைத்து வந்த குழுவினர் ஒலிபெருக்கி அதிர ஆடிப் பாடும்போது, பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்பதில்லை. ஆனால் நம்மிடையே பாடத் தெரிந்தவர்கள் இல்லையா? வில்லுப்பாட்டுக் கட்டத் தெரிந்தவர், நாடகம் எழுதத் தெரிந்தவர், தம் ஊர்க் கதைகளை நள்ளிரவுவரை சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர் அலமாரிகளுக்குப் பின்னால் மறைந்திருக்கிறார்கள்! அமெரிக்க நூலகச் சங்கத்து மகாநாடுகளில் புத்தகத் தள்ளுவண்டிகளைத் தள்ளிக்கொண்டு இசைக்கேற்ப அணிவகுத்துக் காட்டும் போட்டியை நூலகர்கள் தாமே நடத்தி மகிழ்ந்திருக்கிறார்கள். அன்றாடம் கை வலிக்கத் தள்ளுகின்ற அதே வண்டி ஒருநாள் விளையாட்டுக் கருவியாவதில் ஓர் ஆனந்தம் இருக்கிறது. நம்மவர்களுக்கும் மேடை கொடுத்துப் பாருங்கள். ஒருவர் பாடி இறங்கியதும் அவரோடு பேச்சைத் தொடங்குவது எவ்வளவு சுலபமாகிறது என்பதைக் காண்பீர்கள்.

சுற்றுலாவைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. அருவிக்கும் கடற்கரைக்கும் போவதை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நூலகர்கள் கூடிச் சென்று பார்க்கவேண்டிய புண்ணிய ஸ்தலங்கள் நம் நாட்டில் நூலகங்களாகவே இருக்கின்றன. தஞ்சையில் கூடினால் சரசுவதி மகால். சென்னையில் கூடினால் 1896-இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா, 1886-இல் தோன்றிய அடையாறு நூலகம், உ.வே. சாமிநாதையர் தேடித் தேடிச் சேர்த்த சுவடிகளையும் நூல்களையும் காக்கும் அவர் பெயரிலான நூல்நிலையம், செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ஓவியர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய பெருந்தொகுப்பின்மீது எழுந்த ஆராய்ச்சி நூலகம் என்று எத்தனை எத்தனை! இவற்றுக்குப் போகும்போது முன்வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். பின்கட்டுக்குப் போகவேண்டும். ஓலைச்சுவடிக்கு எண்ணெய் தடவுகின்ற கையைப் பார்க்கவேண்டும்; எழுத்து மங்கிய ஏட்டில் கரி பூசித் துடைத்து அதைத் தெளிவாக்குவதைப் பார்க்கவேண்டும்; சிதைந்த பக்கத்தின்மேல் மெல்லிய தாளை ஒட்டிக்கொண்டிருப்பவர் அருகில் உட்கார்ந்து, “எத்தனை வருஷமாச் செய்யுறீங்க?” என்று கேட்கவேண்டும். அந்தக் கேள்விக்கு வரும் விடையில் ஒரு நூலக இயல் பாடமே அடங்கியிருக்கும்.

இவற்றுக்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நேரம் இருக்கிறது, அதை நாம் பொன்னாடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய விழா பதினொன்றுக்குத் தொடங்கி, மேடையிலுள்ள பன்னிருவருக்கும் சால்வையும் நினைவுப் பரிசும் வழங்கி, ஒவ்வொருவரும் மற்றையோரை விளித்து வணங்கி முடிப்பதற்குள் தேநீர் ஆறிப்போகிறது; இழந்த நேரத்தை ஈடுகட்ட முதலில் வெட்டப்படுவது தேநீர் வேளையே. மரியாதைகளைச் சுருக்கி, தேநீருக்கு முழு அரைமணியும், உணவுக்கு ஒன்றரை மணியும் உறுதியாக விடுங்கள். பெயரட்டையில் பெயரையும் ஊரையும் நான்கடி தூரத்தில் நின்று படிக்கும் அளவுக்குத் தமிழில் பெரிதாக எழுதுங்கள். அவையடக்கம் உள்ளவர்கள் குனிந்து கூர்ந்து பார்க்கக் கூசி, பேசாமலே போய்விடுகிறார்கள். முதன்முறை வருபவர் ஒவ்வொருவருக்கும் மூத்தவர் ஒருவரைத் துணையாகக் குறித்து, முதல் நாள் காலையிலேயே இருவரையும் அறிமுகப்படுத்திவிடுங்கள். இவற்றுக்கு ஆகும் பொருட்செலவு மிக அற்பம்.

பிரதிநிதிகளாக வருகின்ற உங்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேண்டியிருக்கிறது என்பதை நான் அறியாதவள் அல்லள். எனினும் இரண்டாம் நாள் மதியம் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் நிலையம் நோக்கி விரையும்போது, உங்களுக்காக எவ்வளவு பெரிய செல்வம் அங்கே பரிமாறப்படாமல் கிடக்கிறது என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ஒரு மாலை தங்குங்கள். பழகியவரோடு ஒரு வேளை உண்டால், அடுத்த வேளையைப் பழகாதவரோடு உண்ணுங்கள். அவருடைய கட்டுரையைப் பற்றிக் கேட்பதற்கு முன் அவருடைய நூலகத்தின் கூரையைப் பற்றிக் கேளுங்கள்.

ஓய்வு பெற்ற நாளில் நான் ஒப்படைத்த பொருள்களின் பட்டியல் பதினேழு பக்கம் இருந்தது. அலமாரிகள், மேஜைகள், கணினிகள், பதிவேடுகள், பூட்டுகள், சாவிகள் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இட்டு இருவரும் கையொப்பம் செய்தோம். அந்தப் பட்டியலில் சேராத ஒரு பொருளையும் எனக்குப் பின் வந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தேன். என் முதல் மகாநாட்டில் கையோடு கொண்டுபோன குறிப்பேடு அது. அதன் கடைசிப் பக்கத்தில் தொடங்கி முன்னோக்கி, ஒவ்வொரு மகாநாட்டிலும் சந்தித்தவர்களின் பெயரும் ஊரும் எண்ணும், எதில் அவர் வல்லவர் என்ற ஒரு வரியும் எழுதிவைத்திருந்தேன். முதலில் எழுதப்பட்ட எண்ணுக்கு உரியவர் இன்று உயிரோடு இல்லை; ஆனால் அந்தப் பெயரை நான் அடிக்கவில்லை. சென்ற மாதம் அந்தப் பெண் என்னைப் பார்க்க வந்திருந்தாள். “அம்மா, நீங்க குடுத்ததிலேயே அதைத்தான் தினமும் எடுக்கிறேன்” என்றாள். நடுவே இருந்த வெற்றுத் தாள்களில் அவள் கையெழுத்தில் மூன்று புதிய பெயர்கள் ஏறியிருந்ததைக் கண்டேன். எங்கே சந்தித்தாய் என்று கேட்டதற்கு, சாப்பாட்டு வரிசையில் என்றாள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
ஓய்வு பெற்ற கல்லூரி நூலகர்